கைமெஷின் பேசவில்லையா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். காங்கேயத்து எண்ணெய் மில் ஆபீஸிலும் அரிசி ஆலைக் கணக்கறையிலும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்த கம்ப்யூட்டர்களுக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது. புது மெஷின் வாங்கலாம். அல்லது இருக்கிற மெஷினிலேயே லினக்ஸ் ஏற்றலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்த இடத்தில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ அரை நாளில் ஏறிவிடும். பிரவுசர் திறக்கும், பிரின்டர் ஓடும், கணக்குத் தாளும் திறக்கும்.

சிக்கல் மறுநாள் காலையில் வரும். களத்தில் கொப்பரை மூட்டை எண்ணிவிட்டு வந்த மேஸ்திரி, கையிலிருக்கும் டேட்டா மெஷினை மேசையில் வைத்துக் கேபிளைச் செருகுவார். திரையில் எதுவும் வராது. “ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் வந்துட்டுத்தானுங்களே இருந்துச்சு?”

பில் போட வந்து, கம்ப்யூட்டர் பொறுப்பும் தானாகத் தலையில் விழுந்த தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறேன். கைக்கருவிக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஐந்து படிகள் இருக்கின்றன: கேபிள், கெர்னல் என்ற லினக்ஸின் மையப் பகுதி, அனுமதி, மென்பொருள், தரவு. கீழ்ப்படி சரியென்று கண்ணால் பார்க்காமல் மேல்படியில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலானோர் நான்காம் படியில் தொடங்குகிறார்கள். மென்பொருளை அழிப்பது, மறுபடி ஏற்றுவது, செட்டிங்ஸ் முழுக்க மாற்றுவது என்று மத்தியானம் வரை போராடிவிட்டு, கடைசியில் கேபிள்தான் கெட்டிருந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் மாற்றிவைத்த செட்டிங்ஸ் புதுச் சிக்கலாகி நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

கருவிக்குள் நேற்றைய வரவு இருக்கிறது. கம்ப்யூட்டரில் அது இன்னும் இல்லை. ஆக, ஊரிலேயே அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதுவும் பேட்டரியை நம்பி இருக்கிறது. பழுது பார்க்கிறேன் என்று கருவியை ரீசெட் செய்தால் அதுவும் போய்விடும். முதலில் சார்ஜ் போடுங்கள். கருவியிலேயே பிரின்டர் இருந்தால் அன்றைய சுருக்கத்தை அச்செடுங்கள். இல்லையென்றால் திரையில் வரும் மொத்த மூட்டை, மொத்த எடை, கடைசிச் சீட்டு எண் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். கடைசியில் சரிபார்க்க இந்த மூன்று எண்தான் உதவும்.

கருவியில் மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டுப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. யுஎஸ்பி பிரச்சினையைச் சாயங்காலம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். லோடு வண்டி வாசலில் நிற்கும்போது மூலகாரணம் தேடிக்கொண்டிருப்பவரைவிட, வண்டியை அனுப்பிவிட்டுத் தேடுபவர் மேல்தான் ஆபீஸில் நம்பிக்கை வரும்.

கேபிள் என்ற முதல் படி

யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. போன் சார்ஜருடன் வரும் சில மலிவுக் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. கருவியில் சார்ஜ் ஏறும், விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. “சார்ஜ் ஏறுது, அதனால கேபிள் நல்லாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தரவு போகும் என்று நிச்சயமாகத் தெரிந்த குட்டைக் கேபிள் ஒன்றை உங்கள் பையில் தனியாக வையுங்கள். அதை யாருக்கும் சார்ஜ் போடக் கொடுக்காதீர்கள்.

அடுத்து போர்ட். கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். இடையில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர். ஒரே ஹப்பில் நான்கு சாதனம் பங்கு போட்டால் கைக்கருவிக்கு எது மிஞ்சும்?

மில்லுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எக்ஸ்பெல்லர் மோட்டாரோ எலிவேட்டரோ ஸ்டார்ட் ஆகும் நொடியில் இணைப்பு அறுந்து போகும். கெர்னல் எழுதும் குறிப்பில், ஹப் அந்தப் போர்ட்டை முடக்கியது, இஎம்ஐயாக இருக்குமோ என்று கேள்விக்குறியோடு ஒரு வரி வந்திருந்தால் மின்காந்த இடையூறைச் சந்தேகிக்கலாம். கேபிளை மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் கொண்டுபோகாதீர்கள். ஹைஸ்பீடு யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. எடைமேடை கேபினிலிருந்து ஆபீஸ் வரை இரண்டு எக்ஸ்டென்ஷனை முடிச்சுப் போட்டு இழுத்துவிட்டு, லினக்ஸ் சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டிய செலவு இல்லை இது.

கெர்னலிடம் கேளுங்கள்

லினக்ஸில் எனக்கு மிகப் பிடித்த குணம் இது: நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைக்கும். டெர்மினலைத் திறந்து, டி-எம்-இ-எஸ்-ஜி என்ற கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் சேர்த்து, இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும் டபிள்யூ எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். கெர்னலின் குறிப்புகள் ஓடி வந்து நிற்கும். இப்போது கருவியைச் செருகுங்கள்.

புதிதாக ஒரு வரிகூட வரவில்லையென்றால் நீங்கள் இன்னும் முதல் படியில்தான் நிற்கிறீர்கள். கேபிளோ, போர்ட்டோ, கருவியின் சாக்கெட்டோ காரணம். களத்துத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சாக்கெட்டில் அடைந்திருப்பது இந்தப் பக்கம் சகஜம். கருவியை அணைத்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

வரி வந்து, அதில் மைனஸ் 71 என்ற பிழை இருந்தால் சிக்னல் கலைகிறது என்று அர்த்தம். மைனஸ் 110 என்றால் கருவி பதில் சொல்ல நேரமெடுத்துக் காலம் கடந்துவிட்டது. இரண்டுக்கும் முதல் மருந்து வேறு கேபிள், வேறு போர்ட். மென்பொருளைத் தொட வேண்டாம்.

நல்லபடியாகத் தெரிந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும், தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும். எல்-எஸ்-யு-எஸ்-பி என்று அடித்தாலும் அதே ஜோடி வரும். எஃப்டிடிஐ சிப் உள்ள சீரியல் கன்வெர்ட்டர்களில் பரவலாகக் காணப்படுவது 0403, 6001. பாம் கம்பெனியின் பழைய ஆர்கனைசர்களுக்குத் தயாரிப்பாளர் எண் 0830. இந்த ஜோடியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் உதவி தேடினாலும், கருவி விற்றவரிடம் பேசினாலும், “மெஷின் வர மாட்டேங்குது” என்று சொல்வதைவிட இந்த எட்டு இலக்கத்தைச் சொன்னால் விடை சீக்கிரம் வரும்.

உபுண்டு 22.04 ஏற்றியவர்கள் பலரைக் குழப்பிய ஒரு விஷயம் உண்டு. சிஎச்340 என்ற மலிவுச் சிப் உள்ள கன்வெர்ட்டரைச் செருகியதும் போர்ட் தோன்றும், உடனே மறைந்துவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்-டிடிஒய் என்ற நிரல், அதே எண் ஜோடி கொண்ட பிரெய்ல் கருவி என்று நினைத்து அந்தப் போர்ட்டைத் தன் வசம் எடுத்துக்கொள்வதுதான் காரணம். கெர்னல் குறிப்பில் அந்தப் பெயரே வந்திருக்கும். அந்த நிரலை நீக்கிவிட்டால் சரியாகும் என்று பலரும் சொல்வார்கள். ஆபீஸில் பிரெய்ல் கருவி வைத்து வேலை செய்பவர் யாருமில்லை என்று உறுதியான பிறகே நீக்குங்கள். இருந்தால், நிரலை விட்டுவிட்டு, அந்த ஒரு சிப்புக்கான விதி வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் போதும்.

இதற்கு நேர்மாறான நல்ல செய்தியும் ஒன்று. பிஎல்2303 என்ற சிப்பின் பழைய, போலிப் பதிப்புகளைப் புதிய விண்டோஸ் டிரைவர்கள் ஏற்க மறுக்கும். அதே கன்வெர்ட்டர் லினக்ஸில் பெரும்பாலும் சொல் பேச்சுக் கேட்டு ஓடும். விண்டோஸில் செத்துவிட்டது என்று டிராயரில் போட்டதை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

அனுமதி: இங்கேதான் அதிகம் பேர் நிற்கிறார்கள்

கெர்னல் பார்த்துவிட்டது, போர்ட்டும் வந்துவிட்டது. டிடிஒய்-யுஎஸ்பி-0 அல்லது டிடிஒய்-ஏசிஎம்-0 என்று பெயர். ஆனாலும் மென்பொருள், அனுமதி இல்லை என்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் வகைகளில் இந்தப் போர்ட்டுகள் டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம். நீங்கள் அந்தக் குழுவில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இந்த இடத்தில் பலர் பிடிக்கும் குறுக்கு வழி, மென்பொருளைச் சூடோ போட்டு நிர்வாகி உரிமையில் ஓட்டுவது. அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் அப்படி இறங்கிய கோப்புகள் நிர்வாகியின் பெயரில் பதிவாகும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் எழுத முடியாது. இன்னொரு குறுக்கு வழி, போர்ட்டின் அனுமதியையே 666 என்று மாற்றுவது. கேபிளைக் கழற்றிச் செருகியதும் போர்ட் புதிதாக உருவாகும், மாற்றியது காற்றோடு போகும். இரண்டையும் விடுங்கள்.

சரியான வழி, யூசர்மோட் கட்டளையால் உங்களை டயல்அவுட் குழுவில் சேர்ப்பது. அதில் ஒரு பொறி இருக்கிறது. கழித்தல் குறிக்குப் பிறகு சிறிய ஏ, பெரிய ஜி என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வர வேண்டும். ஏ-வை விட்டுவிட்டால் கணினி உங்களை டயல்அவுட்டில் சேர்த்துவிட்டு, மற்றக் கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிடும். சூடோ உரிமையும் அதில் போய்விடும். அடித்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகு என்டர் தட்டுங்கள். பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். லாக்அவுட் செய்யாமல் “சேர்த்தும் வரலை” என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் நிறைய.

ஒரே கம்ப்யூட்டரில் எடைமேடை இண்டிகேட்டர், கைக்கருவி இரண்டும் இருந்தால் யார் முதலில் விழிக்கிறாரோ அவருக்கு 0, அடுத்தவருக்கு 1. கரண்ட் போய் வந்தால் எண் மாறிவிடும். எடைமேடையின் எண்ணைக் கேட்ட மென்பொருளுக்குக் கைக்கருவி பதில் சொல்லும். இதற்கு யூடெவ் விதி எழுதுங்கள். இன்ன தயாரிப்பாளர் எண், இன்ன சாதன எண், இன்ன சீரியல் எண் வந்தால் அதற்கு இந்த நிலையான பெயரைக் கொடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரிதான் அரை மணி நேர வேலைக்கும் ஆறு மாத நிம்மதிக்கும் உள்ள வித்தியாசம்.

கருவி எப்போது பேசும்?

இனி நான்காம் படி, மென்பொருள். இங்கே வரும் சிக்கல்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1996-இல் பாம் பைலட் வந்தபோது முகவரி, நாட்காட்டி, குறிப்பு எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரோடு ஒத்திசைப்பது புதுமையாக இருந்தது. யுஎஸ்பி வந்த பிறகு, 2001-இல் வெளியான லினக்ஸ் 2.4 கெர்னலில் பாம் வகைக் கருவிகளுக்கென விசர் என்ற டிரைவர் இருந்தது. எழுதியவர் கிரெக் குரோவா-ஹார்ட்மன். நம் பக்கத்தில் பெங்களூரு சிம்ப்யூட்டர் ஒருபடி மேலே போய், கைக்கருவிக்குள்ளேயே லினக்ஸை வைத்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் 2004-இல் விற்பனைக்கு வந்தது.

பாம் கருவியை லினக்ஸில் இணைத்தவர்கள் கற்ற பாடம் இன்றைய களத்துக் கருவிக்கும் பொருந்தும். ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தும் வரை அந்தக் கருவி யுஎஸ்பியில் தோன்றவே தோன்றாது. மென்பொருளை முதலில் ஓடவிட்டால், போர்ட்டே இல்லை என்று பிழை வரும். பொத்தானை அழுத்தி, இரண்டு நொடி பொறுத்து, பிறகு மென்பொருளை ஓட்ட வேண்டும். அழுத்தினால் இரண்டு போர்ட்டுகள் தோன்றும். ஒத்திசைவு நடப்பது பெரும்பாலும் இரண்டாவதில். முந்தைய முயற்சியில் நின்றுபோன நிரல் பழைய போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை 2, 3 என்று எண் ஏறும். ஆகவே எண் ஏறிக்கொண்டே போகிறதென்றால், பின்னால் ஏதோ ஒரு நிரல் இன்னும் மூடப்படாமல் இருக்கிறது.

இன்றைய டேட்டா கலெக்டர்கள், தினவசூல் கருவிகள் பலவற்றிலும் இதே கதைதான். மெனுவில் அப்லோடு அல்லது பிசி லிங்க் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் வாய் திறக்கும். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் திரைப் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, சார்ஜ் மட்டும் என்பதைக் கோப்புப் பரிமாற்றம் என்று மாற்ற வேண்டும். அப்படியும் எம்டிபி சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், படம் இறக்கும் நிரலோ வேறொரு கோப்பு நிரலோ அந்தப் போனை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறங்கள்.

பார்கோடு ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான ஸ்கேனர்கள் கம்ப்யூட்டருக்குத் தம்மை ஒரு விசைப்பலகையாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். லினக்ஸில் டிரைவரே வேண்டாம். ஆனால் தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் செய்தால், ஆங்கில எழுத்து உள்ள பார்கோடு தமிழ் எழுத்தாக வந்து விழும். ஸ்கேனர் பழுதில்லை, மொழியை மாற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

எடைமேடை இண்டிகேட்டர் போன்ற சீரியல் கருவியில் எழுத்துக் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. இண்டிகேட்டர் 9600-இல் பேச, கம்ப்யூட்டர் 2400-இல் கேட்டால் அப்படித்தான் வரும். எதுவுமே வராவிட்டால் கருவியைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரின் ஒன்பது முள் இணைப்பில் 2-ஆம், 3-ஆம் முள்ளை ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். மினிகாம் போன்ற நிரலில் நீங்கள் அடிக்கும் எழுத்து உங்களுக்கே திரும்பி வந்தால் கம்ப்யூட்டர், கன்வெர்ட்டர், டிரைவர், அனுமதி எல்லாம் சரி. குறை அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆணித்தரமாகச் சொல்லலாம். கருவி விற்றவரும் மறுக்க முடியாது.

விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கருவியோடு வந்திருந்தால், வைன் வழியாக ஓட்டி, அதன் காம்1 போர்ட்டை லினக்ஸ் போர்ட்டோடு பிணைக்கலாம். அதுவும் சரிப்படாவிட்டால் விர்ச்சுவல் பாக்ஸுக்குள் விண்டோஸை வைத்து, கருவியை நேராக உள்ளே அனுப்பலாம். என் விருப்பம் வேறு: விற்பவரிடம், தரவைக் காற்புள்ளி பிரித்த சாதாரணக் கோப்பாகத் தர முடியுமா என்று கேளுங்கள். புதுக் கருவி வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

தரவு வந்துவிட்டது, சரியாக வந்ததா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரிய நஷ்டத்தில் போய் நிற்கிறார்கள். மற்றப் படிகளில் நடக்கும் குறை உடனே தெரியும். இங்கே நடக்கும் குறை மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

முதலில் தமிழ்ப் பெயர்கள். இன்றைக்கு எங்கும் வழங்கும் யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். செல்லமுத்து என்ற பெயரில் ச, எகர ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, ல, ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி என்று 11 குறிகள். ஆக 33 பைட். பெயருக்கு 20 பைட்தான் என்று கருவியில் இடம் ஒதுக்கியிருந்தால் முழுதாக நிற்பது ஆறு குறிகள்: செல்லம. மிச்சமிருக்கும் இரண்டு பைட் பாதி எழுத்தாகத் தொங்கி, கம்ப்யூட்டரில் கேள்விக்குறிக் கட்டமாக வரும். இப்போது செல்லம்மாள் என்பவரும் அதே பட்டியலில் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் பெயரும் செல்லம என்றே நிற்கும். இருவர் போட்ட கொப்பரையும் ஒரே கணக்கில் ஏறினால், பணம் வாங்க வரும் நாளில் ஆபீஸ் வாசலில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு ஒரே உறுதியான வழி, பெயரை அடையாளமாக வைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுப்பது. கருவியில் எண் போகட்டும். பெயர், ஊர், வங்கிக் கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கட்டும். பழைய போனிலிருந்து தொடர்புப் பட்டியலை இறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் சமக்குறியும் எண்ணுமாகச் சிதறி வந்தால் பயப்பட வேண்டாம். பழைய விகார்டு 2.1 முறை தமிழை அப்படித்தான் பொதிந்து வைக்கும். எழுத்து எதுவும் தொலையவில்லை. புதிய 3.0 முறையில் ஏற்றுமதி செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் அதைப் பிரிக்கத் தெரிந்த தொடர்பு மென்பொருளில் திறந்து மறுபடி சேமியுங்கள்.

அடுத்தது நேரம். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தால் கவனம் தேவை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்து மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதுபோல. விண்டோஸ் உள்கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் கூட்டும். இணையம் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாத எடைமேடை கேபினில் இரவு 8 மணிக்கு வந்த லோடு, மறுநாள் விடியற்காலை 1.30 என்று பதிவாகும். தேதியே மாறிவிட்டது; அன்றைய புத்தகமும் மறுநாள் புத்தகமும் இரண்டுமே தப்பு. டைம்-டேட்-சிடிஎல் கட்டளையால் உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லிவிடலாம். விண்டோஸ் இனி வேண்டாம் என்றால் அதை எடுத்துவிட்டு, கடிகாரத்தை ஒருமுறை சரியாக வைப்பதே சுத்தம்.

கைக்கருவியின் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், முழுச் சார்ஜ் இறங்கும் ஒவ்வொரு முறையும் தேதி தொழிற்சாலையில் வைத்த நாளுக்கே ஓடிவிடும். இருபக்கமும் ஒத்திசைக்கும் மென்பொருளோ, எது புதியது என்று பெரும்பாலும் தேதியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இன்றைய பதிவைப் பழையதென்று எண்ணி, மேலே பழைய பதிவை எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சந்தேகம் இருக்கும் நாளில் இருவழி ஒத்திசைவை ஓட்டாதீர்கள். கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று ஒருவழியாக இறக்குங்கள்.

இப்போது தொடக்கத்தில் எடுத்த மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள்: மூட்டை, எடை, கடைசிச் சீட்டு. மூன்றும் பொருந்தி, இறங்கிய கோப்பின் இன்னொரு பிரதியும் பென் டிரைவில் ஏறிய பிறகே கருவியின் மெமரியை அழிக்க வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும் அழிக்கக் கூடாது. முதலாளியே அவசரப்படுத்தினாலும், “ஒரு பத்து நிமிசம் பொறுங்க, சரிபார்த்துட்டு அழிச்சுடறனுங்க” என்று சொல்லுங்கள்.

இது உங்கள் தொழிலுக்கு என்ன தரும்?

காங்கேயத்தில் இது எண்ணெய் மில்லோடும் அரிசி ஆலையோடும் நின்றுவிடும் திறமை இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லேபிள் பிரின்டரும் பார்கோடு ஸ்கேனரும் ஓடுகின்றன. வெள்ளகோவில், முத்தூர், ஊத்துக்குளி, தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் எடைமேடை உண்டு. எல்லாவற்றிலும் அதே ஐந்து படிகள்தான். ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்தவர்கள் இதற்காகப் பெரிய கோர்ஸ் எதுவும் கட்ட வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நல்ல கன்வெர்ட்டர் ஒன்று, வீட்டிலுள்ள போன் போதும். தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸ் பற்றி எளிய தமிழில் இலவச நூல்களை வெளியிட்டு வருகிறது. அடிப்படைக் கட்டளைகளுக்கு அது நல்ல தொடக்கம்.

பையில் நேரடியாக இயங்கும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றும் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாமல் அதிலிருந்து இயக்கிப் பாருங்கள். கருவி அதில் தெரிந்தால் கேபிளும் போர்ட்டும் நல்லவை, ஆபீஸ் கம்ப்யூட்டரின் அமைப்பில்தான் கோளாறு. பத்து நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீரும்.

வேலை முடிந்ததும் “சரியாப் போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தேதி, கருவி, எண் ஜோடி, என்ன தெரிந்தது, எதை மாற்றினீர்கள் என்று ஆபீஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள் என்று லேபிள் ஒட்டுங்கள். சம்பளம் பேசும்போது கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும் என்று சொல்வதைவிட அந்த நோட்டைத் திறந்து காட்டுவது வலுவானது. வெளியே சர்வீஸுக்குப் போகிறவர்கள் கூலியைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கேபிள் மாற்றி ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் அந்தக் கூலியை வாங்கத் தயங்க வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடித்ததற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம்.

சிலர் இந்த வேலையைத் தமக்கு மட்டுமே தெரிந்ததாக வைத்துக்கொண்டால் வேலை நிலைக்கும் என்று எண்ணுகிறார்கள். அப்படி வைத்தவருக்குப் பொங்கலுக்கும் லீவு கிடைக்காது, பெரிய பொறுப்புக்கும் நகர்த்த மாட்டார்கள். கணக்குப் பார்க்கும் அக்காவையோ புதிதாக வந்த பையனையோ பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டைப் பார்த்து அவர்களாகவே ஒருமுறை தரவை இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் தயங்கி நிமிர்ந்து பார்க்கிறார்களோ, அந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி குறைகிறது. அதை எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொருவரை உட்கார வையுங்கள்.